பறக்கும் பொறியும் கூலிக்காரன் கையும்

சங்கரன்கோவில், குருவிகுளம், மேலநீலிதநல்லூர் ஒன்றியங்களின் கரிசற்காடுகளில், மக்காச்சோளக் குருத்தைக் குடைந்துண்ணும் படைப்புழுவை அறியாத உழவர் இன்று எவருமிலர். 2018-ஆம் ஆண்டு தமிழகத்துள் நுழைந்த அப்புழு, மானாவாரி நிலத்தை நம்பி வாழ்ந்த குடும்பங்களைக் கடனில் ஆழ்த்தியது. அதனை அழிக்க முதுகிலே தெளிப்பானைச் சுமந்து, மூக்கிலே துண்டைக் கட்டி, நஞ்சைச் சுவாசித்தபடி நடந்தவன் யார்? நிலமற்ற கூலித் தொழிலாளி அல்லவா!

இன்று அவன் தலைக்கு மேலே ட்ரோன் பறக்கத் தொடங்கிவிட்டது. ஓர் ஏக்கரைப் பத்தே நிமிடத்தில் தெளித்து முடிக்கிறது. பொறியை நாம் பகைக்கவில்லை, தோழர்களே! மனிதன் முதுகில் நஞ்சு சுமக்கும் கொடுமை ஒழியுமாயின், முதலில் மகிழ்பவர் நாமே. ஆனால், அதை இயக்கும் கை யாருடையது என்று கேளாமல் மாலை சூட்ட நாம் ஏமாளிகள் அல்லர்.

தஞ்சையை நினைத்துப் பாருங்கள். 1960-இல் அங்கே தீவிர வேளாண்மைத் திட்டம் வந்தது, புதிய விதை வந்தது, உரம் வந்தது, விளைச்சலும் பெருகிற்று. பெருகிய நெல்லில் தன் பங்கைக் கேட்ட கூலி விவசாயிக்குக் கிடைத்தது என்ன? 1968 டிசம்பர் 25-ஆம் நாள் கீழவெண்மணியில் 44 உயிர்கள் தீயிலே கருகின.

2023-இல் மத்திய அரசு, 15,000 மகளிர் குழுக்களுக்கு ட்ரோன் வழங்கும் திட்டத்தை அறிவித்தது. விலையில் நூற்றுக்கு எண்பது, எட்டு லட்ச ரூபாய் வரை மானியம். குழுவில் ஒருவருக்குப் பதினைந்து நாள் பயிற்சி. நல்லது. ஆனால் நாட்டில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமங்கள் உள்ளனவே! நாற்பது ஊருக்கு ஒரு பொறி என்றால் மற்றவற்றை யார் வாங்குவார்? பணமுள்ளவன் வாங்குவான், வாடகைக்கும் விடுவான்.

பயிற்சியின் தரமோ உயிர் சம்பந்தப்பட்டது. கைத்தெளிப்பானில் ஏக்கருக்கு ஏறத்தாழ 200 லிட்டர் நீரில் கலக்கும் மருந்தை, ட்ரோனில் 10 லிட்டரில் கலக்கிறார்கள். அந்தச் செறிந்த கரைசல் காற்றில் விலகினால், பக்கத்துப் புஞ்சையில் மேயும் ஆட்டின் மீதும் களையெடுக்கும் பெண்ணின் மீதும் விழும். காற்றின் வேகம், பறக்கும் உயரம், துளியின் பருமன், மின்கலத்தின் நிலை ஆகிய அனைத்தையும் அறிந்தவனே இதனைத் தொடலாம். அதிகாரிகள் ஒரு நாள் வந்து பறக்கவிட்டுப் படம் பிடித்துச் செல்வதற்குப் பயிற்சி என்று பெயரிடுவது கேலிக்கூத்து!

இன்னொரு தடையும் உண்டு. 2021-ஆம் ஆண்டு விதிகளின்படி, ட்ரோன் இயக்கச் சான்று பெறப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். வறுமையால் பள்ளியை விட்டுக் களையெடுக்கச் சென்ற சகோதரி எங்கே போவாள்? அவளுக்கு மாலைப் பள்ளி நடத்தித் தேர்வெழுத வைப்பதும் இத்திட்டத்தின் பகுதியாக வேண்டும்.

1901 முதல் இயங்கிவரும் கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம் அருகிலேயே உள்ளது. கிள்ளிகுளத்தில் வேளாண் கல்லூரி உள்ளது. இவற்றின் துணையுடன் சங்கரன்கோவிலில் நிரந்தரப் பயிற்சி நிலையம் அமைக்கட்டும். பாடம் தமிழில் நடக்கட்டும். பழுது பார்க்கவும் கற்பிக்கட்டும். பயிலும் நாளெல்லாம் ஒரு நாள் கூலிக்குக் குறையாத உதவித்தொகை தரட்டும். கூலியை இழந்து எந்த ஏழை படிக்க வருவான்? மருந்து தெளித்துப் பிழைத்தவருக்கே முதலிடம் தரட்டும். பொறிகள் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்களின் உடைமையாகட்டும்.

அடுத்த கிராம சபை கூடும் நாளில், ஒவ்வோர் ஊராட்சியிலும் இக்கோரிக்கையைத் தீர்மானமாக நிறைவேற்றும் பணியைக் கிளைத் தோழர்கள் இன்றே தொடங்க வேண்டும்.