மண் என்றால் இளக்காரமா?

ஆனைக்குட்டத்தில் நின்று பார்த்தால் அணை, கரிசல் காடு, பட்டாசு ஆலைகள், அங்கங்கே பனைமரங்கள். "இங்க பாக்குறதுக்கு என்ன இருக்கு?" என்பார்கள் ஊர்க்காரர்களே.

மண்ணையும் மரத்தையும் காட்டியே உலகத்தை வரவழைக்கிறது மொராக்கோ! அங்கே அமாசிக் மக்கள் மண்ணைக் குழைத்தும் இடித்தும் கட்டிய ஐத் பென்ஹதூ கோட்டையூரை 1987-ல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக்கியது. மண்கோட்டைகளையும் பேரீச்சந்தோப்புகளையும் பார்க்கக் கடல் கடந்து வருகிறார்கள்.

தமிழ்நாட்டில் மண்கோட்டையே இல்லையா? பாஞ்சாலங்குறிச்சி எதனால் கட்டியது? சுமார் 12 அடி உயர மண்சுவர்! 1799-ல் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார், கோட்டை இடிக்கப்பட்டது. 1801-ல் ஊமைத்துரை சிறையிலிருந்து தப்பி வந்ததும் சில நாட்களிலேயே அது மறுபடி எழுந்தது. மார்ச் 31-ல் கும்பினிப் படை அதில் மோதித் தோற்றது. மே 24-ல்தான் பிடிக்க முடிந்தது. பிறகு தரைமட்டமாக்கினார்கள்.

இன்று சுற்றுலாப் பயணி அங்கே பார்ப்பது 1974-ல் அரசு எழுப்பிய நினைவுக் கோட்டையை. வீரத்துக்கு மரியாதை, சரி. பீரங்கியைத் தாங்கிய அந்த மண்ணுக்கு? அதைக் குழைத்த கைகளுக்கு? பக்கத்தில் கிடக்கும் பழைய அடித்தளத்தை எத்தனை பேர் நின்று பார்க்கிறார்கள்?

"மண் மழையில் கரையும்" என்பார்கள். ஐத் பென்ஹதூவும் கரையத்தான் செய்கிறது. திரும்பத் திரும்பப் பூசுவதால்தான் நிற்கிறது. அங்கேயும் பெரும்பாலான குடும்பங்கள் ஆற்றுக்கு அக்கரையில் குடியேறிவிட்டன. ஆள் இல்லாத வீட்டை யார் பூசுவது? சினிமா படப்பிடிப்பும் டிக்கெட் வசூலும் மட்டும் சுவரைக் காப்பாற்றாது. மரபு என்பது சுவர் அல்ல, அதைப் பூசத் தெரிந்த ஆள்!

பனையும் அப்படித்தான். மாநில மரம் என்று பெயர். செங்கல் சூளைக்கு வெட்டியது போக மிச்சம் நிற்கிறது. வெட்டுவதற்கு ஆட்சியர் அனுமதி வேண்டும், 76 லட்சம் விதை தரப்படும் என்று 2021 வேளாண் பட்ஜெட் அறிவித்தது. நல்லது. ஆனால் ஏறுவதற்கு ஆள்? பதநீர் இறக்கவும் பனங்கை செதுக்கவும் ஓலை வேயவும் தெரிந்தவர்களுக்குக் கூலி?

வெம்பக்கோட்டையில் 2022 முதல் நடந்த அகழாய்வைப் பார்க்க சிவகாசிப் பக்கம் வெளியூர்க்காரர்கள் வந்தார்கள். அவர்களுக்கு ஒரு மண்வீட்டில் இடமும் ஒரு பட்டையில் பதநீரும் கொடுக்கலாம். அந்தக் காசு பனையேறிக்கும் கொத்தனுக்கும் போகட்டும்.

அதைச் செய்யாமல் இன்னொரு சிமென்ட் வளைவு கட்டித் திறப்பு விழா நடத்துவதற்குப் பெயர் மரபுச் சுற்றுலா இல்லை. கும்பினி 1799-ல் தொடங்கிய இடிப்பு வேலையின் மிச்சம், அவ்வளவுதான்!