பழைய ஆர்எக்ஸ்100, யெஸ்டி, புல்லட் வாங்கி ஓட்ட ஆசையா? இன்ஜினைவிட ஆர்சிதான் பெரிய சிக்கல் - முழு விளக்கம்

20 ஆண்டுகளைக் கடந்த பைக்குகளின் ஆர்சியைப் புதுப்பிக்கும் கட்டணத்தை 2025 ஆகஸ்ட்டில் மத்திய அரசு 2,000 ரூபாயாக உயர்த்தியது. சில நாட்களிலேயே இன்னொரு செய்தி. எத்தனால் கலக்காத பெட்ரோலும் பங்க்குகளில் கிடைக்க வேண்டும் என்று கேட்ட பொதுநல மனுவை, செப்டம்பர் 1-ம் தேதி உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

இரண்டும் தனித்தனி விவகாரங்கள்தான். ஆனால் தூசி படிந்து நிற்கும் ஒரு பழைய பைக்கை ஆசையாக வாங்கி, மறுபடி ஓட வைக்க நினைப்பவருக்கு இரண்டுமே நேரடியாகத் தலையில் இறங்குகின்றன. ஒன்று வண்டியின் பேப்பரைத் தொடுகிறது, இன்னொன்று டேங்கையும் கார்புரேட்டரையும்.

இந்தியாவில் யமஹா ஆர்எக்ஸ்100 விற்பனைக்கு வந்தது 1985-ல். 1996-ல் தயாரிப்பு நின்றது. மைசூரில் யெஸ்டியைத் தயாரித்த ஐடியல் ஜாவா ஆலை மூடப்பட்டதும் அதே 1996-தான். அதாவது, இன்று கைமாறும் எந்த ஒரிஜினல் ஆர்எக்ஸ்100-க்கும் வயது முப்பதை ஒட்டியோ அதற்கு மேலோதான் இருக்கும். விலையோ ஏறிக்கொண்டே போகிறது. "பெட்ரோல் ஊத்தினா போதும், ஒரே கிக்ல ஸ்டார்ட் ஆகும் சார்" என்ற வார்த்தையை நம்பிப் பணத்தைக் கொடுத்துவிட்டு, பிறகு ஆர்டிஓ அலுவலகத்துக்கும் பட்டறைக்கும் அலைபவர்கள் நிறையப் பேர்.

வண்டியைப் பார்க்கும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

ஆர்சி. சந்தேகமே வேண்டாம். இன்ஜின் சீஸ் ஆகியிருந்தால்கூட ஒரு நல்ல மெக்கானிக்கும் லேத் பட்டறையும் சேர்ந்து சரிசெய்துவிடலாம். ஆர்சி இல்லாத வண்டியை எந்த மெக்கானிக்காலும் ரோட்டில் ஓட்ட வைக்க முடியாது.

சொந்த உபயோக வண்டிகளுக்கு ஆர்சி 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பிறகு ஆர்டிஓவில் வண்டியைக் காட்டி 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 1995-ல் பதிவான ஒரு ஆர்எக்ஸ்100 என்றால் 2010, 2015, 2020, 2025 என நான்கு முறை புதுப்பித்திருக்க வேண்டும். கொட்டகையில் கிடந்த வண்டிக்கு யார் அதைச் செய்திருப்பார்கள்?

இங்கேதான் கணக்கு இடிக்கிறது. 15 முதல் 20 ஆண்டு வரையான பைக்குக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 1,000 ரூபாய், 20 ஆண்டு தாண்டினால் 2,000 ரூபாய். இதைக் கேட்டு யாரும் பயப்படப்போவதில்லை. ஆனால் 2022 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, புதுப்பிக்கத் தாமதமாகும் ஒவ்வொரு மாதத்துக்கும் பைக்குக்கு 300 ரூபாய் கூடுதல் கட்டணம் உண்டு. 2022 ஜூன் இறுதியில் காலாவதியான ஆர்சியை 2025 டிசம்பரில் புதுப்பிக்கப் போனால் 42 மாதத் தாமதம். அதற்கு மட்டும் 12,600 ரூபாய்! இதற்கு மேல் மாநிலத்தின் பசுமை வரி, இன்சூரன்ஸ் எல்லாம் தனி. விலை பேசும்போது இந்தத் தொகையை விற்பவர் தலையில் வைத்துப் பேசுவதா, வாங்குபவர் ஏற்பதா என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்வது நல்லது. முன்பணம் கொடுத்த பிறகு அந்தப் பேச்சுக்கு மதிப்பில்லை.

வண்டி எண்ணை எம்பரிவாகன் செயலியில் போட்டுப் பார்த்தால் ஆர்சி எதுவரை செல்லும், இன்சூரன்ஸ் எப்போது முடிந்தது, கடன் பாக்கி பதிவாகியிருக்கிறதா என்பதெல்லாம் தெரியும். பழைய கையெழுத்து ஆர்சி புத்தகம் உள்ள வண்டிகள் சில ஆன்லைனிலேயே வராது. அதை 'போலி' என்று உடனே ஒதுக்க வேண்டியதில்லை. பதிவான ஆர்டிஓ அலுவலகத்தின் பழைய பதிவேட்டில் இருந்து கணினியில் ஏற்ற வேண்டியிருக்கும். அந்த வேலையை விற்பவரே முடித்துக் கொடுத்தால்தான் வண்டியை வாங்குவது என்பதில் உறுதியாக இருப்பது புத்திசாலித்தனம்.

'பேர் மாத்தாம ஓட்டிக்கலாம்' என்பது சரியா?

தவறு. இருவருக்குமே ஆபத்து. விற்றவர் அதே மாநிலம் என்றால் 14 நாட்களுக்குள்ளும், வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம். இதற்குத்தான் படிவம் 29-ம் 30-ம். வேறு மாநில வண்டி என்றால் படிவம் 28 மூலம் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும்.

பெயர் மாற்றாமல் விட்டால் என்ன ஆகும்? விபத்து நடந்தால் ஆர்சியில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் சட்டத்தின் பார்வையில் உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருக்கே என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் நவீன் குமார் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. அந்த வழக்கில் வண்டி ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு எனப் பல கை மாறியிருந்தது. ஆனாலும் முதலில் விற்றவர் தப்ப முடியவில்லை. அப்பா காலத்து பைக்கை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம்.

பழைய வண்டிகளில் அடிக்கடி வரும் இன்னொரு சிக்கல், ஆர்சியில் உள்ளவர் இறந்துபோயிருப்பது. அப்படியானால் முதலில் படிவம் 31 மூலம் வாரிசு பெயருக்கு வண்டி மாற வேண்டும். அதன்பிறகே விற்க முடியும். "பையன் கையெழுத்துப் போட்டுத் தருவான்" என்பது ஆர்டிஓவில் செல்லாது.

சேஸிஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் ஆர்சியோடு ஒப்பிட்டுப் பார்ப்பது கட்டாயம். எண் பொறித்த இடத்தில் உளி வேலை, வெல்டிங் தடம், புது பெயின்ட் இருந்தால் அந்த வண்டியைத் தொடாமல் திரும்பி வந்துவிடுவதே மேல். ஆர்எக்ஸ்100-க்குக் கிராக்கி அதிகம் என்பதால், ஒரு வண்டியின் ஆர்சியை வேறொரு வண்டிக்குப் பொருத்தும் மோசடிக்கும் அதில்தான் வாய்ப்பு அதிகம்.

'விண்டேஜ்' பதிவு வாங்கிவிட முடியாதா?

பலருக்கு இருக்கும் தப்பான எண்ணம் இது. 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவில் இருந்து 50 ஆண்டு கடந்த, பெரிய மாற்றம் செய்யப்படாத வண்டிகள்தான் விண்டேஜ். புதிதாகப் பதிவு செய்ய 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய். அப்படிப் பதிவான வண்டியைத் தினசரி ஓட்ட முடியாது. கண்காட்சி, விண்டேஜ் பேரணி, பராமரிப்பு, பெட்ரோல் நிரப்புவது போன்றவற்றுக்கு மட்டுமே ரோட்டில் இறக்கலாம்.

அறுபதுகளின் ஜாவாவுக்கும் பழைய புல்லட்டுக்கும் இது பொருந்தும். 1985-ல் பிறந்த முதல் ஆர்எக்ஸ்100-க்கே இந்தத் தகுதி 2035-ல்தான் வரும்.

நின்றுபோன இன்ஜினை எப்படி எழுப்புவது?

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் எல்லாரும் செய்யும் முதல் காரியம், கிக்கரை ஓங்கி மிதிப்பது. செய்யக் கூடாததும் அதுதான். பல வருடம் நின்ற இன்ஜினில் பிஸ்டன் ரிங் சிலிண்டரோடு ஒட்டியிருக்கலாம். வேகமாக மிதித்தால் ரிங் உடையும், போர் கீறும், கிக்கர் பல்லும் போகும்.

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியே கொஞ்சம் ஆயில் விட்டு ஒன்றிரண்டு நாள் ஊற விட வேண்டும். பிறகு டாப் கியரில் போட்டுப் பின் சக்கரத்தை மெதுவாக முன்னும் பின்னும் அசைத்துப் பார்த்தால் பிஸ்டன் நகர்கிறதா என்பது தெரிந்துவிடும். நகரவில்லை என்றால் ஹெட்டைத் திறந்தே ஆக வேண்டும். இதில் குறுக்குவழி கிடையாது.

டூ ஸ்ட்ரோக் வண்டியில் ஒரு நுணுக்கம் உண்டு. கிராங்க்கின் இரு பக்கமும் உள்ள ரப்பர் ஆயில் சீல், வண்டி ஓடாமல் கிடந்தால் காய்ந்து கல்லாகிவிடும். இன்ஜின் ஸ்டார்ட் ஆகும், ஓடவும் செய்யும். ஆனால் அந்தக் காய்ந்த சீல் வழியே காற்று உள்ளே புகுந்து, பெட்ரோல் கலவை மெலிந்து, நாலைந்து கிலோமீட்டரில் சூடேறி பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். 'நல்லாத்தானே ஓடுச்சு' என்று பலர் குழம்புவது இதனால்தான். சீல் செலவு குறைவு, சீஸ் ஆன இன்ஜினைச் சரிசெய்யும் செலவு பல மடங்கு. ஆர்எக்ஸ்100-ல் ஆயில் பம்ப் தனியாக உண்டு. அது உண்மையிலேயே ஆயிலைத் தள்ளுகிறதா என்று உறுதியாகும்வரை, பெட்ரோலிலேயே 2டி ஆயிலைக் கலந்து ஊற்றுவது பாதுகாப்பு. கொஞ்சம் புகை கூடுதலாக வரும், அவ்வளவுதான்.

வாங்கும்போதே கேட்க வேண்டிய கேள்வி இன்னொன்று: எத்தனை முறை ரீபோர் ஆகியிருக்கிறது? சிலிண்டரை ஒவ்வொரு முறையும் கால் மில்லிமீட்டராகப் பெரிதாக்கிக்கொண்டே போக முடியாது. கடைசி சைஸ் பிஸ்டன் போட்ட வண்டி என்றால் அடுத்தது புது சிலிண்டர் தேட வேண்டியதுதான். ஒரிஜினல் கிடைப்பது லேசான காரியம் இல்லை.

பழைய புல்லட்டின் குணம் வேறு. ஆயில் டேங்கில் இருக்கும் ஆயில், வண்டி நின்றுகொண்டே இருந்தால் மெல்லக் கசிந்து கிராங்க்கேஸுக்குள் இறங்கிவிடும். டேங்க் காலியாகத் தெரிகிறதே என்று மேலும் ஊற்றி ஸ்டார்ட் செய்தால் ஆயில் கண்ட இடத்தில் பீய்ச்சும். முதலில் கீழே உள்ள போல்ட்டைத் திறந்து பழைய ஆயிலை வடித்துவிட வேண்டும்.

இ20 பெட்ரோல் பழைய வண்டிக்கு ஆகுமா?

இப்போது பங்க்குகளில் பரவலாகக் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். டூவீலர்களில் மைலேஜ் 3 முதல் 4 சதவீதம் குறையலாம் என்று 2021-லேயே நிதி ஆயோக் அறிக்கை கணித்தது. பெரிய பாதிப்பு இல்லை, சில பழைய வண்டிகளில் 20,000 முதல் 30,000 கிலோமீட்டருக்குப் பிறகு ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டையும் மாற்ற வேண்டி வரலாம் என்பது 2025 ஆகஸ்ட்டில் பெட்ரோலியத் துறை தந்த விளக்கம்.

தினமும் ஓடும் வண்டிக்கு அது ஆறுதலாக இருக்கலாம். முப்பது வருடமாகக் காய்ந்துபோன ரப்பர் உள்ள வண்டிக்கு அந்தக் கிலோமீட்டர் கணக்கு உதவாது. எத்தனால் காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். டேங்கில் மாதக்கணக்கில் கிடந்தால் தண்ணீரோடு பிரிந்து அடியில் தங்கி, தகரத்தைத் துருப்பிடிக்க வைக்கும். பழைய டேங்கில் படிந்திருக்கும் பிசினைக் கரைத்துக் கொண்டுவந்து கார்புரேட்டர் ஜெட்டையும் அடைக்கும். கலவை மெலிவதால் டூ ஸ்ட்ரோக் இன்ஜின் கூடுதலாகச் சூடாகவும் வாய்ப்புண்டு.

எனவே டேங்கை முழுவதுமாகக் காலி செய்து துருவைக் கழுவுவது, பெட்ரோல் டியூப், ஃப்ளோட் ஊசி, கார்புரேட்டர் ரப்பர் எல்லாவற்றையும் எத்தனாலைத் தாங்கும் புதியவையாக மாற்றுவது, தேவைப்பட்டால் மெயின் ஜெட்டை ஒரு சைஸ் கூட்டுவது ஆகிய மூன்றையும் முதல் ஸ்டார்ட்டுக்கு முன்பே முடித்துவிட வேண்டும். ஜெட் துளையைக் கம்பியால் குத்தும் பழக்கம் பல பட்டறைகளில் இன்னும் இருக்கிறது. பித்தளைத் துளை பெரிதாகிவிடும், காற்று அடித்தாலே போதும். வாரம் ஒருமுறை மட்டும் எடுக்கும் வண்டி என்றால், நிறுத்தும் முன் பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு, கார்புரேட்டரில் மிச்சம் இருப்பது தீரும்வரை இன்ஜினை ஓட விடலாம்.

ஸ்டார்ட் ஆகிவிட்டது, ரோட்டுக்கு எடுக்கலாமா?

ஆர்சி உயிரோடு இல்லாமல் எடுத்தால் முதல் முறை 5,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கச் சட்டம் இடம் தருகிறது. மூன்றாம் நபர் இன்சூரன்ஸும் கட்டாயம். 75 சிசிக்கு மேல் 150 சிசிக்குள் உள்ள பைக்குக்கு 2022-ல் நிர்ணயிக்கப்பட்ட ஆண்டு பிரீமியம் 714 ரூபாய், வரி தனி. இத்தனை செலவு செய்தவர்கள் இதில் மிச்சம் பிடிப்பது வேடிக்கைதான். சத்தத்துக்காக மாற்றிய சைலன்சரோடு புதுப்பிப்புக்குப் போனாலும் ஆய்வில் திருப்பி அனுப்பப்படலாம்.

பேப்பர் சரியானாலும், 30 வருடப் பழைய டிரம் பிரேக்கில் ஷூ ஒட்டியிருக்கும் பசை காய்ந்து கழன்றிருக்கலாம். பார்க்க நன்றாக இருக்கிறதே என்று டயரையும் நம்பக் கூடாது. டயர் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 2409 என்றிருந்தால் 2009-ம் ஆண்டின் 24-வது வாரத்தில் தயாரானது. பட்டன் தேயாமல் புதிதுபோல் இருந்தாலும் ரப்பர் வெடித்திருக்கும். டயர், டியூப், பிரேக் ஷூ, கிளட்ச் - பிரேக் கேபிள்கள், இவற்றை மாற்றிய பிறகே வண்டியைத் தெருமுனை தாண்டி எடுக்க வேண்டும். பெயின்ட்டும் குரோமும் அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.