மந்திரி நாற்காலியும் மூக்குக் கண்ணாடியும்

தொழிலாளி வீட்டுப் பிள்ளை மந்திரியானால் தொழிலாளிக்கு என்ன பயன்? ஆலை வாசலிலும் வயல் வரப்பிலும் நாம் கேட்கும் கேள்வி இது. வேல்ஸைச் சேர்ந்த அனூரின் பெவனின் வாழ்க்கையை வைத்து இதற்கு விடை தேடுவோம்.

பெவன் 1897-ல் ட்ரெடீகர் என்ற சுரங்க ஊரில் பிறந்தார். 13 வயதில் பள்ளியை விட்டு நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கினார். சுரங்கத் தொழிலாளியான அவருடைய தகப்பனார் நெஞ்சில் கரித்தூசி அடைத்து 1925-ல் மாண்டார். நஷ்டஈடு ஒரு காசு கிடைக்கவில்லை.

1922-ல் ஊர்க் கவுன்சில். 1928-ல் மாவட்டக் கவுன்சில். 1929-ல் எப்பு வேல் தொகுதியின் பார்லிமெண்ட் மெம்பர். 1945-ல் அட்லியின் தொழிற்கட்சி சர்க்காரில் சுகாதார மந்திரி. படிப்படியாக ஏறியவர் கீழே இருந்தவர்களை மறந்தாரா?

ட்ரெடீகர் தொழிலாளர்கள் தங்கள் கூலியில் பவுனுக்குச் சில பென்னி போட்டு வைத்திய உதவிச் சங்கம் நடத்தினார்கள். டாக்டருக்குச் சம்பளம் சங்கம் கொடுத்தது. அநேகமாக ஊர் முழுவதும் அதனால் பயனடைந்தது. அதன் ஆஸ்பத்திரிக் கமிட்டியில் வேலை செய்த பெவன், மந்திரியானதும் அதே ஏற்பாட்டைத் தேசத்துக்கே செய்ய முனைந்தார். 1948 பிப்ரவரியில் டாக்டர்கள் சங்கம் வாக்கெடுத்தது. பத்தில் ஒன்பது பேர் எதிர்த்தார்கள். பெவன் பின்வாங்கவில்லை. 1948 ஜூலை 5-ல் தேசிய சுகாதார சேவை பிறந்தது. வைத்தியம், மருந்து, பல், கண்ணாடி எல்லாம் இலவசம். செலவு பெரும்பாலும் வரிப்பணத்திலிருந்து.

குறையும் உண்டு. பெரிய டாக்டர்களை இணங்க வைப்பதற்காக, சர்க்கார் ஆஸ்பத்திரியிலேயே பணக்கார நோயாளிக்குத் தனிப் படுக்கை வைத்துக்கொள்ள இடம் கொடுத்தார்.

1951-ல் சோதனை வந்தது. கொரிய யுத்தத்தையொட்டி மூன்றாண்டு ஆயுதத் திட்டத்துக்கு 470 கோடி பவுன் ஒதுக்கினார்கள். அதே வருஷ பட்ஜெட்டில் நிதி மந்திரி கெய்ட்ஸ்கெல், பல்செட்டுக்கும் கண்ணாடிக்கும் பாதி விலை கேட்டார். அதில் முதல் வருஷம் மிச்சமாவது 1 கோடி 30 லட்சம் பவுன்தான்! பீரங்கிக்குப் பணம் உண்டு, கிழவியின் கண்ணாடிக்கு இல்லை. அப்போது தொழில் மந்திரியாக இருந்த பெவன் ஏப்ரலில் ராஜினாமாச் செய்தார்.

அதே பெவன் 1957-ல், ஹைட்ரஜன் குண்டைப் பிரிட்டன் தானே கைவிட வேண்டும் என்ற தீர்மானத்தைக் கட்சி மாநாட்டில் எதிர்த்தார். கூட நின்றவர்கள் பலர் மனம் நொந்தார்கள். அந்த நோவு நியாயமானது என்றே நாம் கருதுகிறோம். 1960-ல் அவர் காலமானார்.

அவர் மந்திரி பதவியை விட்டுப் போனபின்பும் சண்டை ஓயவில்லை. 1952-ல் கன்சர்வேடிவ் சர்க்கார் மருந்துச் சீட்டுக்குக் கட்டணம் போட்டது. வேல்ஸ் அதை 2007-ல் ஒழித்தது. இங்கிலாந்தில் இன்றும் வாங்குகிறார்கள்.

ஆகவே நமது விடை இது: தொழிலாளர்கள் பென்னி பென்னியாகக் கட்டியதைத்தான் மந்திரி சட்டமாக்கினார். அதில் கை வைத்தபோது நாற்காலியை உதறினார். எந்த மந்திரியையும் இந்த இரண்டையும் வைத்து நிறுத்துப் பார்ப்போம். சட்டம் வந்தபின்பும் காவல் இருப்பது நம் வேலை.