ஒரு நிமிட ராஜாக்களே, சற்று நில்லுங்கள்!



சாப்பாட்டு மணி அடித்தாலும் எழுந்திருக்காத கூட்டம் ஒன்று இப்போது நம் விடுதியில் உருவாகியிருக்கிறது. சீட்டுக்கட்டு இல்லை, கேரம் இல்லை, சதுரங்கம்! அதுவும் பலகை இல்லாத சதுரங்கம். உள்ளங்கை அகல செல்போனுக்குள் அறுபத்து நான்கு கட்டம். எதிரே ஆடுகிறவன் அர்ஜென்டினாவா, அரக்கோணமா, யாருக்கும் தெரியாது.

நல்ல கூட்டம்தான், மறுக்கவில்லை. 2022-ல் மாமல்லபுரத்தில் 44-வது செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது சென்னை நேப்பியர் பாலமே கறுப்பு வெள்ளைக் கட்டமாக மாறிப்போனது. 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் சென்னைப் பையன் குகேஷ் 18 வயதில் உலக சாம்பியன் ஆனார். கிட்டத்தட்ட நம் வயசு! அதைப் பார்த்த பிறகு யாருக்குத்தான் கை சும்மா இருக்கும்?

ஆனாலும் மனதில் பட்டதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். நம்மில் பலர் ஆடுகிறோமே தவிர, வளரவில்லை. ஆயிரம் ஆட்டத்தைத் தாண்டியவர்கள் நம் விடுதியில் உண்டு. முதல் ஆட்டத்தில் ராணியை எப்படிப் பறிகொடுத்தார்களோ, ஆயிரமாவது ஆட்டத்திலும் அப்படியேதான் பறிகொடுக்கிறார்கள். கடைசியில் போனைக் கட்டிலில் வீசிவிட்டு ஒரு வார்த்தை சொல்கிறார்கள் பாருங்கள்: "விடு மச்சி, இதுக்கெல்லாம் மூளை வேணும். நமக்கு எங்க இருக்கு?"

இந்த ஒரு வார்த்தைதான் என்னை இந்தக் கட்டுரை எழுத வைத்தது.

மூளையா? முறையா?

டிப்ளமோ படிக்கிறவனுக்கு இந்த வார்த்தை புதுசா என்ன? பத்தாவது மார்க்கைப் பார்த்துவிட்டு, "இவனுக்கு இவ்வளவுதான் வரும், பாலிடெக்னிக்கில் போடுங்க" என்று நெற்றியில் முத்திரை குத்திய சொந்தக்காரர்கள் நம் எல்லார் வீட்டிலும் உண்டு. அந்த முத்திரையைத் துடைக்க மூன்று வருடமாகப் பாடுபடுகிறோம். அப்படியிருக்க, செல்போனில் தெரியும் 'ரேட்டிங்' என்ற எண்ணை எடுத்து நாமே இன்னொரு முறை முத்திரை குத்திக்கொள்ளலாமா? சிந்தித்துப் பாருங்கள் தோழர்களே!

இந்த ரேட்டிங் என்பதுதான் என்ன? ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த ஆர்பாட் ஈலோ என்ற இயற்பியல் பேராசிரியர் போட்ட கணக்கு அது. உலக சதுரங்க சம்மேளனம் 1970-ல் அதை ஏற்றுக்கொண்டது. அந்தக் கணக்குப்படி 200 புள்ளி கூடுதலாக இருப்பவர் நூறு ஆட்டம் ஆடினால் சுமார் 76 புள்ளி எடுப்பார். அவ்வளவுதான் அதில் உள்ள சேதி. அண்மையில் யாரோடு ஆடினாய், எத்தனை ஜெயித்தாய் என்று சொல்லும் மீட்டர் அது. இப்போது இணையத் தளங்கள் அதைத் திருத்திய கிளிக்கோ என்ற முறைகளைப் பயன்படுத்துகின்றன. லீசெஸ் தளத்தில் புதிதாகச் சேர்ந்தவனுக்குத் தொடக்க எண்ணே 1500. அதே ஆள் வேறு தளத்தில் ஆடினால் வேறு எண் வரும். ஒரே மண்டைக்கு இரண்டு எண் இருக்குமா? ஆக, அது மூளையை அளக்கும் கருவி இல்லை. மல்டிமீட்டரைக் காட்டி யாராவது ஜுரம் பார்ப்பார்களா?

இன்னொரு சூட்சுமமும் இருக்கிறது. தளம் உங்களுக்குச் சமமான ஆளைத்தான் தேடிப் பிடித்து எதிரே உட்கார வைக்கும். சமமானவனோடு ஆடினால் பத்தில் ஐந்து தோல்வி வரத்தான் செய்யும். நீங்கள் முன்னேறினால்? உடனே அதற்கேற்ற பலசாலி வந்து உட்காருவான். மறுபடியும் பத்தில் ஐந்து தோல்வி! மாடிப்படி ஏறுகிறவன் ஒவ்வொரு படியிலும் மூச்சு வாங்குவதைப் போல. மூச்சு வாங்குகிறதே என்பதற்காக ஏறவேயில்லை என்று சொல்லலாமா? இந்த விஷயம் புரிந்துவிட்டால் பாதி மனக்கஷ்டம் அங்கேயே தீர்ந்துவிடும்.

ஒன்றரை விநாடி ஞானம்

அப்படியானால் ஏன் சிலர் படியே ஏறாமல் ஒரே இடத்தில் நிற்கிறார்கள்? என் கருத்தில் முதல் குற்றவாளி ஒரு நிமிட ஆட்டம். 'புல்லட்' என்று அதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள்.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். ஓர் ஆட்டத்துக்கு நாற்பது நகர்த்தல் என்று வையுங்கள். கையில் அறுபது விநாடி. ஒரு நகர்த்தலுக்கு ஒன்றரை விநாடி! இதில் எதிரி என்ன செய்தான் என்று பார்ப்பது எப்போது, யோசிப்பது எப்போது? விரல்தான் யோசிக்கிறது. ஏற்கெனவே நன்றாக ஆடத் தெரிந்தவன் புல்லட் ஆடினால், தெரிந்ததை வேகமாக எடுத்து விடுகிறான். ஒன்றும் தெரியாத நாம் ஆடினால்? தப்பை வேகமாக மனப்பாடம் செய்கிறோம்!

அதே தளத்தில் பதினைந்து நிமிடத்தோடு நகர்த்தலுக்குப் பத்து விநாடி சேர்த்துக் கொடுக்கும் ஆட்டமும் இருக்கிறது. அதே நாற்பது நகர்த்தல் கணக்கில் ஒவ்வொன்றுக்கும் சுமார் முப்பத்திரண்டு விநாடி கிடைக்கிறது. இருபது மடங்குக்கும் மேல்! இரவு முப்பது புல்லட் ஆடுகிற நேரத்தில் இப்படி ஓர் ஆட்டமாவது நிதானமாக ஆடி முடிக்கலாம். நான் நாளைக்கு ஒன்று என்றுதான் வைத்திருக்கிறேன். செமஸ்டருக்கும் பழுதில்லை, கண்ணுக்கும் பழுதில்லை.

சக் சாவி எங்கே?

ஒர்க்ஷாப்பில் லேத்தை ஆன் செய்யுமுன் இன்ஸ்ட்ரக்டர் கேட்கும் முதல் கேள்வி என்ன? "சக் சாவியை எடுத்துட்டியா?" சக்கில் சாவி மாட்டியிருக்க மெஷின் சுற்றினால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் அந்தக் கேள்வியை யாரும் விடுவதில்லை.

சதுரங்கத்திலும் ஒரு சக் சாவி உண்டு. காயைத் தொடுமுன் இரண்டே கேள்வி. ஒன்று: எதிரி இப்போது நகர்த்தினானே, அது எதைக் குறிவைக்கிறது? இரண்டு: நான் நகர்த்தப்போகும் இடத்தில் என் காய்க்குக் காவல் உண்டா, நகர்த்துவதால் வேறு ஏதாவது காய் அநாதையாகிறதா?

தொடக்க நிலையில் பெரும்பாலான ஆட்டங்கள் ஆழ்ந்த திட்டத்தால் முடிவதில்லை. சும்மா கொடுத்த காயால்தான் முடிகின்றன. ராணிக்கு 9, யானைக்கு 5, பிஷப்புக்கும் குதிரைக்கும் 3, சிப்பாய்க்கு 1 என்று மதிப்புச் சொல்வார்கள். ஒரு குதிரையைச் சும்மா கொடுத்தவன் மூன்று சிப்பாய் கடனில் மீதி ஆட்டத்தை ஓட்டுகிறான். இந்த இரண்டு கேள்வியை மட்டும் நாற்பது நகர்த்தலுக்கும் விடாமல் கேட்டுப் பாருங்கள். வேறு எந்தப் பயிற்சியும் இல்லாமலே ஆட்டம் மாறும்.

"அதெல்லாம் கத்துக்குட்டிக்குத்தானே?" என்று கேட்காதீர்கள். 2024 உலகப் போட்டியின் கடைசி ஆட்டமான பதினான்காவது ஆட்டத்தில் என்ன நடந்தது? சமநிலையில் இருந்த ஆட்டத்தில் டிங் லிரென் தன் 55-வது நகர்த்தலில் யானையை ஒரு தப்பான கட்டத்தில் வைத்தார். குகேஷ் உடனே கண்டுபிடித்தார். யானைகளும் பிஷப்புகளும் வெட்டுப்பட்டு, சிப்பாய் ஆட்டத்தில் வெற்றி உறுதியாயிற்று. ஏழரைக்கு ஆறரை, பட்டம் கைமாறியது. உலக சாம்பியனுக்கே சக் சாவி மறந்துபோகும் என்றால் நாம் எம்மாத்திரம்!

தோற்ற ஆட்டமே பாடப்புத்தகம்

தோற்றவுடன் நம் விரல் எங்கே போகிறது? 'அடுத்த ஆட்டம்' பொத்தானுக்கு. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்? ஆத்திரத்தில் ஆடுகிற அடுத்த ஆட்டமும் போகும், அதற்கடுத்ததும் போகும். இரண்டு ஆட்டம் தொடர்ந்து போனால் போனை மூடிவிடுவது என்று சட்டம் போட்டுக்கொள்ளுங்கள்.

அதற்குப் பதில் தோற்ற ஆட்டத்தை முதலிலிருந்து நகர்த்திப் பாருங்கள். எந்த இடத்தில் கை நழுவியது? அங்கே வேறு என்ன செய்திருக்கலாம்? ஒரு நோட்டில் ஒரே வரி எழுதி வையுங்கள். "குதிரை ஃபோர்க் கவனிக்கலை", "ராஜாவைப் பத்திரப்படுத்தும் முன் ராணியை இறக்கினேன்" என்று. மாதக் கடைசியில் புரட்டினால் ஒரே தப்பு திரும்பத் திரும்ப வருவது தெரியும். அதுதான் உங்கள் சிலபஸ்!

இதை நீங்களே செய்த பிறகுதான் கம்ப்யூட்டரைக் கேட்க வேண்டும். ஸ்டாக்ஃபிஷ் என்ற இன்ஜின் இலவசமாகவே கிடைக்கிறது, எந்த மனிதனையும்விடப் பலசாலி. ஆனால் அது விடையைச் சொல்லுமே தவிர, உங்களுக்காக யோசித்துத் தராது. விடைப் புத்தகத்தைப் பார்த்து கணக்கு எழுதினவன் பரீட்சை ஹாலில் என்ன ஆவான் என்று நமக்குத் தெரியாதா? குகேஷுக்கு அவருடைய பயிற்சியாளர் கிராண்ட்மாஸ்டர் விஷ்ணு பிரசன்னா, சிறுவயதில் நெடுங்காலம் இன்ஜினைத் தொடவிடாமலே பயிற்சி கொடுத்தார் என்பது பலரும் அறிந்த செய்தி. சொந்த மண்டையை நம்பப் பழக்கினார்.

எதைப் படிப்பது?

யூடியூப்பில் ஆயிரம் 'ஓப்பனிங்' வீடியோ இருக்கிறது. பெயர்கள் எல்லாம் பெரிய பெயர்கள். நாம் பத்து நகர்த்தலை மனப்பாடம் செய்து போனால் எதிரி மூன்றாவது நகர்த்தலிலேயே வேறு வழியில் போய்விடுவான். அப்புறம்? திருதிருவென்று விழிக்க வேண்டியதுதான். தொடக்கத்துக்கு மூன்று விதி போதும்: நடுக்கட்டங்களைப் பிடி, குதிரையையும் பிஷப்பையும் சீக்கிரம் வெளியே கொண்டு வா, கேஸ்லிங் செய்து ராஜாவைப் பத்திரப்படுத்து. கூடவே ராஜா பக்கத்து பிஷப்புக்கு முன்னால் நிற்கும் சிப்பாயின் மேல் ஒரு கண் இருக்கட்டும். தொடக்கத்தில் அதற்கு ராஜாவைத் தவிர வேறு காவல் கிடையாது. நாலே நகர்த்தலில் மேட் வாங்குகிறவர்கள் அங்கேதான் வாங்குகிறார்கள்.

மிச்ச நேரத்தைப் புதிர்களில் போடுங்கள். தினமும் பத்து புதிர், அவசரமில்லாமல், முழு வழியும் மனதில் தெரிந்த பிறகே விரல் வைக்க வேண்டும். அப்புறம் கடைசி ஆட்டம். ராஜாவும் ராணியும் சேர்ந்து தனி ராஜாவை மேட் செய்வது, ராஜாவும் யானையும் சேர்ந்து மேட் செய்வது. இவை இரண்டும் தூக்கத்திலும் வர வேண்டும். ராணி கையில் இருந்தும் ஸ்டேல்மேட் ஆக்கி டிராவில் முடிக்கிற கொடுமையை விடுதியில் தினமும் பார்க்கிறேன்!

"கோச்சிங்குக்குக் காசு வேணுமே?" வேண்டாம் நண்பா. லீசெஸ் 2010-ல் தொடங்கியது. முழுக்க இலவசம், விளம்பரம்கூடக் கிடையாது. ஆட்டம், புதிர், பாடம், அலசல் எல்லாம் அங்கேயே இருக்கிறது. பணக்காரன் மகனுக்கும் நமக்கும் அங்கே ஒரே பலகைதான்.

ஒரு கசப்பான பேச்சு

பக்கத்து போனில் இன்ஜினை ஓடவிட்டு அது சொல்கிறபடி ஆடுகிறவர்களும் இருக்கிறார்கள். பிடிபட்டால் தளம் கணக்கையே மூடிவிடும், அது இருக்கட்டும். யாரை ஏமாற்றுகிறோம்? ரேட்டிங் ஏறும், ஆள் அங்கேயே நிற்பான். அடுத்தவன் செய்த ஜாபில் தன் நம்பரைப் பஞ்ச் செய்து சப்மிட் பண்ணுகிறவனுக்கும் இவனுக்கும் என்ன வித்தியாசம்? நாளைக்கு கம்பெனியில் டெஸ்ட் பீஸைக் கையில் கொடுக்கும்போது அந்த நம்பர் வந்து ஃபைல் பிடிக்குமா?

"சும்மா ஜாலிக்கு ஆடுறோம், இதுக்குப் போய் இவ்வளவு பேச்சா?" என்று சில நண்பர்கள் கேட்பது என் காதில் விழுகிறது. தாராளமாக ஜாலிக்கு ஆடுங்கள், ஒரு நாளும் தடுக்க மாட்டேன். ஆனால் ஜாலிக்கு ஆடுகிறவன் தோற்றால் சிரிக்க வேண்டும். ராத்திரி இரண்டு மணி வரை ஆடி, காலையில் முதல் பீரியடில் தூங்கி, "எனக்கு மூளை இல்லை" என்று புலம்புவது என்ன ஜாலி?

நம் மாணவர் பேரவைக்கும் ஒரு வேண்டுகோள். பொது அறையில் நாலு பலகையும் ஒரு செஸ் கடிகாரமும் வாங்கிப் போடுங்கள். வாரத்தில் ஒரு மாலை, இரண்டு மணி நேரம் போதும். ஆடின ஆட்டத்தைத் தோற்றவனும் ஜெயித்தவனும் சேர்ந்து உட்கார்ந்து அலசட்டும். முதலாம் ஆண்டுத் தம்பிகளுக்கு மூன்றாம் ஆண்டு அண்ணன்கள் சொல்லிக் கொடுக்கட்டும். முகம் தெரியாத எதிரியிடம் கற்றுக்கொள்ள முடியாத ஒன்று அங்கே கிடைக்கும்: "எப்படிடா அதைப் பார்த்தே?" என்று கேட்டால் பதில் சொல்ல எதிரே ஓர் ஆள்!

நாம் எல்லாரும் குகேஷ் ஆகப்போவதில்லை. ஆக வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் ஒரு விஷயத்தில் நேற்றைவிட இன்று தேறியிருக்கிறோம், அதுவும் யாருடைய சிபாரிசும் இல்லாமல் சொந்த முயற்சியில் தேறியிருக்கிறோம் என்று ஒரு முறை கண்ணால் கண்டவன், "எனக்கு மூளை இல்லை" என்று மறுபடி சொல்ல மாட்டான். ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் பேப்பரைப் பார்த்தும் சொல்ல மாட்டான், இன்டர்வியூ அறைக்கு வெளியே உட்கார்ந்தும் சொல்ல மாட்டான்.

ஆகவே ஒரு நிமிட ராஜாக்களே, இன்று இரவு ஒரே ஓர் ஆட்டம், பதினைந்து நிமிடம், சக் சாவியைப் பார்த்துவிட்டு ஆடுங்கள். தோற்றாலும் பரவாயில்லை. நோட்டை எடுத்து அந்த ஒரு வரியை எழுதிவிட்டுத் தூங்குங்கள்!

மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை