ஏழைக்கென்று செய்தார்கள், இன்று ஏலத்தில் தேடுகிறார்கள்!

காசிமேட்டில் விடியுமுன் நடக்கும் மீன் ஏலத்தை அறியாதவர் வடசென்னையில் இல்லை. பொழுது ஏற ஏறக் கூடையிலிருக்கும் மீனின் விலை இறங்கும். உயிரைப் பணயம் வைத்துப் பிடித்து வந்தவன் வாயடைத்து நிற்பான். இப்போது இன்டர்நெட்டில் வேறொரு ஏலம் நடக்கிறது. அங்கே சரக்குப் பழசாகி அரிதாக ஆகத்தான் கிராக்கி!

எண்ணூர் ஆலை ஒன்றில் கான்டிராக்ட் பிட்டராக இருக்கும் திருவொற்றியூர் இளைஞர் ஒருவர், டீக்கடையில் தம் போனில் இந்த ஏலத்தைக் காட்டினார். ஏலத்துக்கு வந்தவை உற்பத்தி நின்றுபோன கைக்கணினிகள். ஆப்பிள் கம்பெனி 1993ல் கொண்டுவந்து 1998ல் கைகழுவிய நியூட்டன், 1996ல் வந்த பாம் பைலட் முதலியவை. உள்ளங்கையில் வைத்துக் குச்சியால் எழுதும் பெட்டிகள். கடைசி நிமிடத்தில் எந்த ஊரிலோ இருக்கும் ஒருவர் விலையை ஏற்றிவிடுகிறாராம். ஓவர்டைம் பணத்தைச் சேர்த்து இவர் ஒன்றை வாங்கி, கழற்றி, பாட்டரி மாற்றி ஓடவும் வைத்துவிட்டார். அதை நாம் பரிகாசம் செய்யமாட்டோம். யந்திரத்தின் மீது தொழிலாளிக்கு இருக்கும் பிரியம் மட்டமானதல்ல.

ஆனால் அவர் மாதக்கணக்கில் தேடியும் சிக்காத கருவி ஒன்று உண்டு. அது அமெரிக்கச் சரக்கல்ல. நமது பக்கத்து ஊரான பெங்களூரில் பிறந்தது. அதன் பெயர் சிம்ப்யூட்டர். அதன் கதையை ஆலைத் தொழிலாளியும் விவசாயத் தொழிலாளியும் அறிய வேண்டும். ஏனென்றால் அது நமது பெயரைச் சொல்லித்தான் செய்யப்பட்டது!

பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகப் பேராசிரியர்கள் சிலரும் என்கோர் என்ற கம்பெனியின் என்ஜினீயர்களும் சேர்ந்து 1999ல் சிம்ப்யூட்டர் டிரஸ்ட்டை நிறுவினார்கள். 2001ல் மாதிரிக் கருவியைக் காட்டினார்கள். எளியது, மலிவானது, பல மொழி பேசுவது என்றார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரும் பயன்படுத்தலாம்; கருவியே வாய்விட்டுப் படித்துக் காட்டும். கிராமத்துக்கு ஒரு கருவி போதும். ஆளுக்கொரு சிறு அட்டை. அதைச் செருகினால் அவரவர் கணக்கு வரும். நல்ல யோசனைதான். அந்த விஞ்ஞானிகளின் மூளையையும் மனத்தையும் நாம் மதிக்கிறோம். 2004ல் பொதுத்துறை ஆலையான பாரத் எலக்ட்ரானிக்ஸ் இதை 'அமிடா' என்ற பெயரில் தயாரித்தது. கையை அசைத்தால் பக்கம் புரளும் வித்தை அதில் அப்போதே இருந்தது. ஐபோன் வந்தது 2007ல்தான்!

விலை என்ன? மிகக் குறைந்தது ரூ. 9,950.

ஒரு கணக்குப் போடுவோம். 2006ல் ஊரக வேலை உறுதித் திட்டம் தொடங்கியபோது தமிழ்நாட்டில் அதன் நாட்கூலி 80 ரூபாய். 9,950 ரூபாய் என்றால் 124 நாள் கூலி. சட்டம் ஒரு குடும்பத்துக்கு வாக்களித்ததோ வருஷத்துக்கு 100 நாள்! வருஷம் முழுவதும் பட்டினி கிடந்து மண் சுமந்தாலும் 'ஏழையின் கம்ப்யூட்டர்' ஏழைக்கு எட்டாது.

ஆகவே சர்க்கார்தான் வாங்கியிருக்க வேண்டும். பஞ்சாயத்துக்கு ஒன்று, ரேஷன் கடைக்கு ஒன்று என்று ஆர்டர் கொடுத்திருந்தால் உற்பத்தி பெருகியிருக்கும், விலை இறங்கியிருக்கும். சத்தீஸ்கரில் சில பள்ளிகள், கர்நாடகத்தில் நிலப் பதிவு வேலை என்று அங்குமிங்கும் சோதனை நடந்தது, அத்தோடு சரி. முதல் ஆண்டில் 50,000 விற்கும் என்று எதிர்பார்த்தார்கள்; விற்றது 4,000 அளவில்தான். பொதுப்பணத்தில் வளர்ந்த விஞ்ஞானத்தை மார்க்கெட்டின் வாசலில் கொண்டுபோய்ப் போட்டார்கள். அது அங்கேயே செத்தது.

"செல்போன் மலிந்துவிட்டது, அதனால்தான் அது தோற்றது" என்று சில பெரியவர்கள் சமாதானம் சொல்கிறார்கள். செல்போன் மலிந்தது உண்மை. அதைச் செய்தவர்களின் கதை என்ன? ஸ்ரீபெரும்புதூரில் 2006ல் திறந்த நோக்கியா ஆலை, 2014 நவம்பர் 1ந் தேதி நின்றது. வரித் தகராறு ஒரு பக்கம், கம்பெனி கைமாறியது மறு பக்கம். நடுவில் நசுங்கியவர்கள் இருபது வயதுப் பிள்ளைகளும் பெண்களும். பழைய நோக்கியா போனைத் தேடிச் சேகரிக்க ஆள் உண்டு. அதைப் பூட்டிய கைகளை யார் தேடினார்கள்? 1996ல் மூடிய பெரம்பூர் பி அண்டு சி மில்லின் தோழர்களுக்கு இந்தக் கணக்குப் புதிதல்ல. உற்பத்தி நின்ற சரக்குக்கு விலை ஏறுகிறது. உற்பத்தி நின்ற ஆலையின் தொழிலாளியைச் சும்மா கொடுத்தாலும் வாங்குவாரில்லை!

சரி, கைக்கணினி கிராமத்துக்கு வரவேயில்லையா? வந்தது ஐயா, வந்தது! நமக்குக் கணக்குச் சொல்ல வரவில்லை, கங்காணியாக வந்தது. 2023 ஜனவரி 1 முதல் வேலை உறுதித் திட்டத்தில் செல்போன் வருகைப் பதிவைக் கட்டாயமாக்கினார்கள். தினம் இருமுறை போட்டோ. சிக்னல் இல்லை, படம் ஏறவில்லை என்றால், வெட்டிய மண் கண்ணெதிரே கிடந்தாலும் கூலி போச்சு. இதை எதிர்த்துத் தொழிலாளர்கள் அந்த ஆண்டு டில்லி ஜந்தர் மந்தரில் நாள் கணக்கில் உட்கார்ந்தார்கள். 2001ல் காட்டிய கருவி கூலிக்காரருக்குப் படித்துச் சொல்லும் என்றார்கள். 2023ல் வந்த கருவி கூலிக்காரரைப் படம் பிடித்து மேலே சொல்கிறது. நிபுணர்களுக்கு இந்த வித்தியாசம் விளங்காமல் இருக்கலாம். கூலி வெட்டப்பட்டவருக்கு விளங்கும்.

நம் எண்ணூரையே பாருங்கள். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. பெரியகுப்பத்து மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினார்கள். வீட்டுக்கு வீடு செல்போன் இருந்தது. அவர்களை எழுப்பியதோ மூக்கும் கண்ணும்தான்! நமது முகத்தை இருமுறை கேட்கத் தெரிந்த சர்க்காருக்கு, நமது உயிருக்கு ஒருமுறை மணியடிக்க வழி தெரியவில்லையா?

நாம் கேட்பது அதிகமில்லை. வருகைப் பதிவு யந்திரம் பழுதானால் கூலியை வெட்டாதே. எத்தனை நாள் வேலை, எவ்வளவு பாக்கி என்பதைத் தமிழில் வாய்விட்டுச் சொல்லும் கருவியைப் பஞ்சாயத்து வாசலில் வை. பொதுத்துறை ஆலையில் அதைச் செய். இருபது ஆண்டுகளுக்கு முன்பே செய்து காட்டிய வேலைதான் இது.

மீஞ்சூர்ப் பக்கம் ஏரிக்கரையில் கூட்டம் போட்டபோது சிம்ப்யூட்டர் கதையை இப்படியே சொன்னோம். மண்வெட்டியை மடியில் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு தாய் குறுக்கிட்டார்: "ஏன் தோழரே, இந்தப் போனு தெனம் ரெண்டு வாட்டி என் மூஞ்சியக் கேக்குது. எனக்கு வர வேண்டிய பாக்கி எவ்ளோன்னு நான் ஒரு வாட்டி கேட்டா, அது சொல்லுமா?"