பழைய காரின் கால்கள்

1990க்குப் பின் வந்த பொருளாதாரத் தடைக் காலத்தில், பெற்றோல் கிடைத்தற்கரிய வஸ்துவாகிவிட்ட யாழ்ப்பாணத்திலே, மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் சோமசெற்றும் சிறிதளவு பெற்றோலால் உயிர்பெற்று மண்ணெண்ணெயால் ஓடிய கதையை நம்மவர் இன்றும் பெருமையோடு சொல்வார்கள். ஆனால் அந்தக் கார்களைக் குண்டும் குழியுமான வீதிகளில் தாங்கி நின்ற வில்லுகளையும் றப்பர் புஷ்களையும் பற்றி எவரும் பேசுவதில்லை என்பது எனக்கு நெடுநாளைய மனக்குறை.

அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வெளிவந்த மொறிஸ் மைனரின் முன்சக்கரங்களைத் தாங்குவது நீண்ட முறுக்குக் கம்பி. அதிர்ச்சியை அடக்கும் ஷொக் அப்சோபரின் கையே சக்கரத்தை மேலிருந்து பிடிக்கும் அங்கமாகவும் அமைந்திருக்கிறது. 1958இல் வந்த ஒஸ்ரின் ஹீலி ஸ்பிறைற் என்னும் சிறிய ஸ்போர்ட்ஸ் காரிலும், 1962 முதல் 1980 வரை உற்பத்தியான எம்.ஜி.பி.யிலும், முறுக்குக் கம்பியின் ஸ்தானத்தில் சுருள்வில் இருப்பினும், ஷொக் அப்சோபரின் கையே மேலங்கமாகும் ஏற்பாடு அதுவே. ஸ்பிறைற்றின் ஸ்டியரிங் அமைப்போ மைனரிலிருந்தே எடுக்கப்பட்டது. ஆகவே, நெல்லியடிக் கராஜ் ஒன்றில் மைனரின் கீழே படுத்துத் தொழில் பழகியவன், அந்த ஸ்போர்ட்ஸ் கார்களின் முன்னே அந்நியனாக நிற்கவேண்டியதில்லை.

வீட்டு முற்றத்திலே இத்தகைய காரின் வில்லுகளையும் மூட்டுகளையும் செப்பனிடத் தொடங்குபவர் முதலிற் செய்யவேண்டியது புதுச் சாமான் வாங்குவதன்று. "தம்பி, முதலிலை ஊத்தையைக் கழுவிக் கிறீஸ் அடியுங்கோ, பிறகு சாமான் தேடுவம்" என்று எங்கள் பகுதி முதிய மெக்கானிக் ஒருவர் சொல்வதில் மிகுந்த விவேகம் உண்டு. மைனரின் முன்சக்கரத் தண்டு திரும்புவது புரிவெட்டிய மூட்டுகளிலே. கிறீஸ் காணாமல் அப்புரிகள் தேய்ந்துபோனால், ஒருநாள் தண்டு கழன்று சக்கரம் மடிந்து கார் நிலத்தில் அமர்ந்துவிடும். இம்மூட்டுகளின் பரிசோதனையை மட்டும் ஒருவரும் அலட்சியம் செய்யலாகாது. காரை ஜக்கின்மேல் மாத்திரம் நம்பி நிறுத்தாமல், உறுதியான தாங்குகட்டைகளின்மேல் இருத்திய பின்னரே கீழே செல்லவேண்டும். சுருள்வில் உள்ள கார்களில், அமுங்கிக் கிடக்கும் வில்லைச் சிறிது சிறிதாகவே தளர்த்தவேண்டும்.

றப்பர் புஷ்களை மாற்றும்போது பலர் அறியாத சூட்சுமம் ஒன்று உண்டு. சக்கரம் தொங்கும் நிலையிலேயே போல்ற்றுகளை முழுதாக இறுக்கிவிட்டால், காரைக் கீழே இறக்கியதும் றப்பர் முறுக்குண்டு, வீதிக்கு வருமுன்னரே கிழியத் தொடங்கும். பாரம் முழுவதும் சக்கரங்களில் அமர்ந்த பின்னரே இறுதி இறுக்கம். ஷொக் அப்சோபர் ஒயில் கசிந்திராவிடில், உரிய ஒயிலை நிரப்பி, கையை மேலும் கீழும் பலமுறை அசைத்து உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றினாற் போதும். அந்தக் கை பொருந்திய தண்டின் ஓரம் கசிவு காணுமாயின் அது அநுபவசாலியிடம் சேரவேண்டியது. பின்புற வில்லுத் தகடுகளைப் பொறுத்தவரை, வடமராட்சியின் உப்புக் காற்று தகட்டைவிட அது பொருந்தும் இடத்தையே முதலில் அரிக்கும். அங்கே சுத்தியலால் மெல்லத் தட்டிப் பார்ப்பது அவசியம்.

ஸ்போர்ட்ஸ் கார் என்றவுடன் அதைத் தாழ்த்தி, வில்லைக் கடினமாக்கும் வழக்கம் இப்போது இளைஞரிடையே பரவுகிறது. எனக்கு அதிலே சம்மதமில்லை. நம் ஒழுங்கைகளிலே மதகு ஏறியிறங்கும் காருக்கு வேண்டுவது கடினமன்று, இணக்கமே. அதை ஆக்கியவர்கள் கொடுத்த இணக்கம் இடதும் வலதும் ஒருபடித்தாக மீளவேண்டும்; அதற்காகவே உறுப்புகளைச் சோடியாக மாற்றச் சொல்கிறேன்.