'ஆஃப்' என்றால் 'உடைய' என்று சொல்லிக்கொடுப்பதை நிறுத்துங்கள்

பழைய ஆசிரியர்கள் இருக்கும் வாட்ஸ்அப் குழு ஒன்றில் நேற்று ஒரு அட்டவணை வந்தது. 'ஆஃப் - உடைய, இன் - இல், டு - க்கு, ஃப்ரம் - இருந்து, வித் - உடன்.' இதை மனப்பாடம் செய்தால் ஆங்கிலம் வந்துவிடுமாம். ஆளாளுக்குக் கைகூப்பும் பொம்மை போட்டிருந்தார்கள். நான் 'முதல் வரியே தப்பு' என்று எழுதினேன். 'டீச்சருக்கு ரிட்டயர் ஆன பிறகும் திருத்துகிற பழக்கம் போகலை' என்று பதில் வந்தது. போகவில்லைதான். அதனால் இங்கே விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். இதே அட்டவணையைக் கரும்பலகையில் எழுதிப் போட்டவள்தான் நானும். ஆசிரியர் பயிற்சி முடித்து வேலைக்குச் சேர்ந்த புதிது. ஏழாம் வகுப்பில் 'த ஸ்டேட் ஆஃப் கேரளா' என்பதைத் தமிழில் எழுதச் சொன்னேன். ஒரு பையன் 'கேரளாவினுடைய மாநிலம்' என்று எழுதியிருந்தான். வகுப்பு முழுக்கக் கேட்கும்படி அதைப் படித்துக் காட்டினேன். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அவன் மட்டும் சிரிக்கவில்லை. 'நீங்கதானே டீச்சர் ஆஃப்னா உடையன்னு சொன்னீங்க?' என்றான். எதிர்த்துப் பேசாதே என்று உட்கார வைத்துவிட்டேன். அந்த வருஷம் முழுக்க ஆங்கில வகுப்பில் அவன் கை தூக்கவே இல்லை.

அவன் செய்ததில் ஒரு தப்பும் இல்லை. நான் கொடுத்த விதியை எழுத்துப் பிசகாமல் பின்பற்றினான். விதிதான் தப்பு.

'த கோஸ்ட் ஆஃப் கேரளா' என்பதையும் 'த ஸ்டேட் ஆஃப் கேரளா' என்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் முதலாவதில் கடற்கரை வேறு, கேரளா வேறு. கேரளாவுக்கு உரிய கடற்கரை. அங்கே 'உடைய' சரி. இரண்டாவதில் மாநிலமும் கேரளாவும் ஒன்றேதான். கேரளா என்கிற மாநிலம். அங்கே யாருக்கும் எதுவும் உடைமை இல்லை.

இதைக் கண்டுபிடிக்க ஒரே ஒரு கேள்வி போதும். 'பெயரே அந்தப் பொருளா?' என்று கேளுங்கள். கேரளா ஒரு மாநிலமா? ஆமாம். அப்படியானால் 'என்கிற' அல்லது 'ஆகிய'. கேரளா ஒரு கடற்கரையா? இல்லை. அப்படியானால் வேறு உறவு. 'த சிட்டி ஆஃப் மதுரை': மதுரை ஒரு நகரம், ஆமாம். 'த மந்த் ஆஃப் மே': மே ஒரு மாதம், ஆமாம். 'த ரிபப்ளிக் ஆஃப் இந்தியா': இந்தியா ஒரு குடியரசு, ஆமாம். 'த பிரசிடென்ட் ஆஃப் இந்தியா': இந்தியா ஒரு குடியரசுத் தலைவரா? இல்லை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை கூடச் சிரித்துக்கொண்டே சொல்லிவிடும்.

எனக்குக் கோபம் எங்கே வருகிறது என்றால், இந்த வித்தியாசம் நமக்குப் புதிதே இல்லை. பக்கத்து வகுப்பில் தமிழாசிரியர் இதைத்தான் 'இருபெயரொட்டுப் பண்புத்தொகை' என்று நடத்திக்கொண்டிருக்கிறார். சாரைப்பாம்பு: சாரை ஆகிய பாம்பு. மார்கழித் திங்கள்: மார்கழி ஆகிய திங்கள். சிறப்புப் பெயர் முன்னால், பொதுப்பெயர் பின்னால், நடுவில் 'ஆகிய' மறைந்து நிற்கிறது. ஆங்கிலத்தில் அது தலைகீழ். பொதுப்பெயர் முன்னால், சிறப்புப் பெயர் பின்னால், நடுவில் 'ஆஃப்' வெளிப்படையாக நிற்கிறது. 'மார்கழித் திங்கள்' புரிந்த பிள்ளைக்கு 'த மந்த் ஆஃப் மே' புரிய அரை நிமிஷம் போதும். ஆனால் தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் ஒரே அறையில் டீ குடித்தாலும் இதைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை. நான் பேசியதில்லை.

பெயர் அந்தப் பொருள் இல்லை என்று தெரிந்துவிட்டால் உடனே 'உடைய' என்று குதித்துவிடவும் கூடாது. 'த பேட்டில் ஆஃப் பிளாசி': பிளாசி போர் செய்யவில்லை, 1757இல் அந்த இடத்தில் போர் நடந்தது. 'த மெர்ச்சன்ட் ஆஃப் வெனிஸ்': வெனிஸ் நகரத்து வணிகன். 'த ஸ்டேச்சூ ஆஃப் லிபர்ட்டி': சுதந்திரத்தை உருவகப்படுத்தும் சிலை. இடம், ஊர், உருவம் என்று உறவு மாறிக்கொண்டே போகிறது. நம் உயர் நீதிமன்றத்தின் ஆங்கிலப் பெயரைப் பாருங்கள்: 'ஹை கோர்ட் ஆஃப் ஜுடிகேச்சர் அட் மெட்ராஸ்'. அங்கே ஊர்ப் பெயருக்கு முன்னால் 'அட்'. நீதிமன்றம் அமர்ந்திருக்கிற இடம் அது. 1996இல் ஊர் சென்னை ஆனது. நீதிமன்றத்தின் பெயரில் மெட்ராஸ் அப்படியே இருக்கிறது.

சில இடத்தில் நடுவில் எதுவுமே வராது. ரிவர் தேம்ஸ், மவுன்ட் எவரெஸ்ட், லேக் விக்டோரியா. 'ரிவர் ஆஃப் காவேரி' என்று எழுதும் பிள்ளையைத் திட்டுகிறோம். சிட்டிக்கு 'ஆஃப்' உண்டு, ரிவருக்கு இல்லை என்று என்றைக்காவது சொன்னோமா? ஊர், நாடு, மாநிலம், தீவு, மாதம் இவற்றுக்கு 'ஆஃப்'. ஆறு, மலை, ஏரிக்கு வேண்டாம். இவ்வளவுதான்.

இன்னொரு அழகான ஒழுங்கும் உண்டு. 'பே ஆஃப் பெங்கால்', 'கல்ஃப் ஆஃப் மன்னார்' என்கிறோம். ஆனால் மன்னாருக்குப் பக்கத்திலேயே இருப்பது 'பாக் ஸ்ட்ரெய்ட்'. 'ஸ்ட்ரெய்ட் ஆஃப் பாக்' இல்லை. ஏன்? வங்காளமும் மன்னாரும் இடங்கள். பாக் என்பவர் ஆள், 18ஆம் நூற்றாண்டில் மதராஸ் கவர்னராக இருந்த ராபர்ட் பாக். இடத்தின் பெயரானால் பெரும்பாலும் 'ஆஃப்' வரும், ஆளின் பெயரானால் பெரும்பாலும் வராது. பல்கலைக்கழகத்துக்கும் அதேதான்: 'யுனிவர்சிட்டி ஆஃப் மெட்ராஸ்', ஆனால் 'பாரதியார் யுனிவர்சிட்டி', 'அழகப்பா யுனிவர்சிட்டி'. 'ஸ்ட்ரெய்ட் ஆஃப் மெகல்லன்' மாதிரி விதிவிலக்கும் உண்டு. இருக்கட்டும், மொழி என்றால் விதிவிலக்கு இருக்கும். அதற்காக ஒழுங்கையே சொல்லித்தராமல் விடுவது நியாயமா?

'சின்னப் பிள்ளைகளுக்கு முதலில் சுலபமாகச் சொல்லிவிட்டு, பிறகு திருத்திக்கொள்ளலாம்' என்கிறார்கள். அந்தப் 'பிறகு' எந்த வகுப்பில் வருகிறது? என் பணிக்காலம் முழுக்கத் தேடினேன், வரவில்லை. எட்டாம் வகுப்பு ஆசிரியர் ஏழில் சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கிறார். ஏழாம் வகுப்பு ஆசிரியர் எட்டில் சொல்வார்கள் என்று நினைக்கிறார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

'கேட்டுக் கேட்டுத் தானாக வந்துவிடும்' என்கிறார்கள். யாருக்கு வரும்? வீட்டில் ஆங்கிலம் பேசுகிற, ஆங்கிலக் கதைப் புத்தகம் வாங்கித்தரப்படுகிற பிள்ளைக்கு வரும். அந்தப் பிள்ளைக்கு நம் அட்டவணையே தேவையில்லை. என் பள்ளிக்கு வந்த பிள்ளைகளுக்கு ஆங்கிலம் என்பது கரும்பலகையில் நான் எழுதியது மட்டும்தான். அதில் ஒரு வரி தப்பாக இருந்தால் அவர்களுக்கு இருக்கிற ஆங்கிலமே தப்பு. நாம் சொன்னதை நம்பினவன் சிரிப்புக்கு ஆளாவான், நம்மைச் சட்டை செய்யாதவன் தப்பித்துக்கொள்வான். இது என்ன நியாயம்?

அந்தப் பையனுக்கு இப்போது ஐம்பது வயதை நெருங்கியிருக்கும். எங்கே இருக்கிறான் என்று தெரியாது. பார்த்தால் சொல்ல ஒன்று வைத்திருக்கிறேன்: 'தம்பி, அன்னைக்கு நீ கேட்ட கேள்விதான் சரி. பதில் தெரியாம உட்காரச் சொன்னது டீச்சர்.'

பணியில் இருக்கிற ஆசிரியர்களிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நாளைக்கு அந்த அட்டவணையின் முதல் வரியை அழித்துவிட்டு, 'கேரளா ஒரு மாநிலமா? கேரளா ஒரு கடற்கரையா?' என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளைகள் என்ன சொன்னார்கள் என்று இங்கே வந்து எழுதுங்கள். திட்ட நினைப்பவர்களும் தாராளமாகத் திட்டலாம். எழுத்துப்பிழை இருந்தால் மட்டும் திருத்துவேன்.